ஏழு மணிக்கு எலியைக் காட்ட வேண்டும்

சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ராஜினாமா எழுதிக் கொடுத்தால் வாங்குவதற்கு ஆளும் கிடையாது: பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன பிராணியை வளர்க்கும் தொழிலைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மகன் துபாய்க்குப் போகும்போது விட்டுப்போன நாயோடும், மகள் சென்னைக்குப் போகும்போது விட்டுப்போன கிளியோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் என் இனத்தவரே, இது உங்களுக்காகத்தான். உங்களுக்காவது நாய், கிளி. எனக்கு வாய்த்தது சின்சில்லா.

அப்படியென்றால் என்ன என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். எலியின் முகம், முயலின் உடம்பு, அணிலின் வால். சாம்பல் நிறம். ரோமம் அவ்வளவு அடர்த்தி, விரலை வைத்தால் விரல் காணாமல் போகும். தென் அமெரிக்காவில் பனிக்காற்று வீசுகிற மலையில் பிறந்த ஜாதி அது. அதை மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில், அடுப்படிச் சூடும் கடல் புழுக்கமும் ஒன்றாகச் சேர்ந்து அவிக்கிற ஊரில், வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிற நான் வளர்க்க வேண்டும் என்று கர்த்தர் சித்தம் கொண்டார்.

மக்களே

எங்களுக்கு ஒரே மகள், ஜெனி. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது அவள் வாங்கியதுதான் இது. 'பொடியன்' என்று பெயர் வைத்திருந்தாள். அயர்லாந்தில் வேலை கிடைத்ததும் கூட்டோடு தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள். விமானத்தில் ஏற்றுவதற்கு ஆயிரம் சட்டம் இருக்கிறதாம். அங்கே போய் வீடு பார்த்து, காகிதமெல்லாம் சரியானதும் கூட்டிக்கொண்டு போவாளாம். என்னை இல்லை, அதை.

அவள் வந்த வாரம் பார்த்து அவளுடைய அப்பா ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் தங்கராஜ், இருபது வருடம் குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்து ஊரோடு வந்து சேர்ந்தவர். ஸ்பானர் பிடித்த கை என்பதால் பேச்சிலும் அதே முறுக்குத்தான். கல்யாணம் இப்போது வேண்டாம் என்றாள் அவள். வாக்குக் கொடுத்தாயிற்று என்றார் அவர். "என்னைக் கேக்காம என்னத்துக்கு வாக்குக் குடுத்திய?" என்றாள். வாய் முற்றி, கடைசியில் அவர் "எனக்கு இனி மக்கள் இல்லே" என்று சொல்லிவிட்டு சட்டையைக் கூட மாட்டாமல் வெளியே இறங்கிப் போய்விட்டார். அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமலே அவள் கிளம்பினாள்.

எங்கள் பக்கத்தில் பெற்றது ஒன்றே ஒன்று என்றாலும் அது மக்கள்தான். கூப்பிடுவதும் 'மக்களே' என்றுதான். கார் கிளம்பும்போது நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, போய்ச் சேந்ததும் போன் பண்ணணும்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அப்பாவுக்கு மக்கள் இல்லேன்னா ஒனக்கு மட்டும் எங்கேருந்தும்மா வந்துது? இனி பேரைச் சொல்லியே கூப்பிடு. பொடியனைப் பாத்துக்கோ, அவன் பதினஞ்சு வருசம் இருப்பான்."

கேமராவைத் திருப்பு

போனவள் ஒரு வாரத்துக்கு மேல் போன் பண்ணவில்லை. நான் பட்ட வெப்ராளம், அந்தப் பதைப்பு, எனக்குத்தான் தெரியும். ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ கால் வந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முடியை ஒதுக்கிக்கொண்டு, போனை முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "அம்மா, கேமராவைத் திருப்பு" என்றாள். "பொடியன் சாப்பிட்டானா?"

அன்றிலிருந்து தினமும் ஏழு மணி. அங்கே அது மத்தியானம், அவளுடைய சாப்பாட்டு நேரம். ரொட்டியைக் கடித்துக்கொண்டே, அவன் தின்றானா, வெள்ளம் குடித்தானா, காது சூடாக இருக்கிறதா, புழுக்கை எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். பெற்றவள் தின்றாளா என்று ஒருநாள் கேட்டதில்லை. அவள் இளைத்திருக்கிறாளா, அழுதிருக்கிறாளா என்பதெல்லாம் போனின் மூலையில் தெரிகிற அந்தச் சின்னச் சதுரத்தைப் பார்த்து நானாகக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். ஒன்று மட்டும் எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. இந்த எலி உயிரோடு இருக்கிற வரைக்கும்தான் ஏழு மணிக்கு எனக்கு மகள் உண்டு. எலி போனால் அவளும் போனாள்.

ஜாக்கெட் வாங்க வந்து முன்னறையில் இருந்த சுகந்தி டீச்சர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுக்காரர், எனக்கு நிரந்தர வாடிக்கை, மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாதவர். கொக்கி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்: "டெய்லரக்கா, நீங்களும் அண்ணனும் அந்தக் கூட்டுக்குள்ள ஏறி இருந்து பாருங்க, ஒருவேளை ஒங்ககிட்டயும் பேசுவா."

குளிர்

குவைத்தில் அத்தனை வீட்டுக்கு ஏசி மாட்டிக் கொடுத்த மனுஷன், சொந்த வீட்டில் ஒன்று வைக்கச் சம்மதித்ததே இல்லை. ஏசி ஆளைச் சோம்பேறியாக்கும், எலும்பைக் கெடுக்கும், சளி பிடிக்கும். நான் தையல் மெஷினில் வியர்த்து ஒழுகிக்கொண்டு கேட்கும்போதெல்லாம் இந்தப் பாட்டுத்தான். முதல் கோடை வந்தது. பொடியன் காது சிவந்து, கூட்டின் தரையில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டான். அவர் வாசலில் நின்று பார்த்தார். பைக்கை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் ஒரு ஆட்டோவில் ஏசிப் பெட்டி வந்து இறங்கியது. ஜெனியின் அறையில் சுவரைத் துளைத்து அவரே மாட்டினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "எலிக்காக ஒண்ணுமில்லே, அது செத்தா பழி என் தலையிலல்லா வரும்" என்றார்.

ஆகவே அறைக்குள் எலிக்குக் குளிர், வெளியே எங்களுக்கு மின்விசிறி. கதவைத் திறந்தால் குளிர் போய்விடும் என்று எங்களை உள்ளே நிற்க விடமாட்டார். ஊருக்குள் செய்தி பரவியது. திருவட்டாற்றிலிருந்து அவருடைய அக்கா, என் மூத்த மைனி, ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், மே மாதம் முழுக்க அந்த அறையில்தான் கிடந்தார். காலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து கடுங்காப்பியை வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "நமக்கு மறுபிறவி கிடையாதுன்னு வேதம் சொல்லுது, இல்லேன்னா ஒங்க வீட்டுல எலியாப் பொறக்கணும்னு ஜெபம் பண்ணியிருப்பேன்."

குளி

சின்சில்லா தண்ணீரில் குளிக்காது. குளித்தால் அந்த அடர்ந்த ரோமம் உலராமல் உள்ளேயே ஈரம் தங்கி நோய் வந்துவிடும். அதற்கு நைசான ஒரு பொடி உண்டு. தட்டத்தில் போட்டு உள்ளே வைத்தால் அதில் விழுந்து புரண்டு எழுந்து உதறிக்கொள்ளும். அதுதான் அதற்குக் குளி. பொடி பார்சலில் வர வேண்டும். ஜெனி அங்கிருந்தே ஆர்டர் போடுவாள்.

அன்றைக்குக் கோயிலில் பெண்கள் சங்கக் கூட்டம். போகிற அவசரத்தில் மைனியிடம், "பொடியனுக்கு இன்னைக்கு குளி உண்டு மைனி, பொடி அந்த டப்பாவுல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். முழுதாகச் சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். குளி என்றால் என்ன என்று இந்த ஊரில் பிறந்தவருக்கு விளக்க வேண்டியிருக்கும் என்று யார் நினைப்பார்கள்? திரும்பி வந்து பார்த்தால் வெந்நீர்ப் பானை, தேங்காயெண்ணெய்க் கிண்ணம், நடுவில் பேசினுக்குள் பொடியன். மைனி முறைப்படி உச்சியில் எண்ணெய் வைத்து, உடம்பெல்லாம் தேய்த்து, ஊறவிட்டு, வெந்நீர் ஊற்றி, எண்ணெய் போகப் பயத்தமாவு தேய்ப்பதுபோல டப்பாப் பொடி முழுவதையும் போட்டுத் தேய்த்திருக்கிறார். எண்ணெயும் வெள்ளமும் பொடியும் சேர்ந்து அவன் மேல் சிமெண்டுபோலக் குழைந்து நின்றது. மைனியின் கையில் ஒரு பிடி ரோமம். பயந்தால் இந்த ஜாதி ரோமத்தைக் கழற்றிவிட்டு ஓடும்.

லைனிங் துணி எவ்வளவு இருந்ததோ அவ்வளவையும் கிழித்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். வந்து எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, அடைந்திருந்த கட்டிகளை நகத்தால் ஒவ்வொன்றாக உதிர்த்தார். ஏழு மணிக்கு, தூங்குகிறான் என்று சொல்லி வாலை மட்டும் காட்டினேன். மைனி அன்று சாயங்காலமே பையைக் கட்டிவிட்டார். பஸ் ஏறும்போது சொன்னது: "எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுனதுக்கு ஏச்சு வாங்குனது இந்த லோகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்."

சின்னக் கல்

டப்பாப் பொடி தீர்ந்துவிட்டது. அடுத்த பார்சல் வர நாளாகும். அவர் யோசித்தார். நைசான கல்பொடிதானே, மயிலாடியில் சிலை செதுக்குகிற பட்டறையில் குவிந்து கிடக்கிறதே என்று பைக்கில் போய் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பொடியன் அதில் ஒரே ஒரு தடவை புரண்டான். பிறகு ஒருநாள் முழுக்கத் தும்மினான். நானும் தும்மினேன். ஜெனியிடம் காட்டியபோது அவள் போட்ட சத்தத்தில் அந்தப் பை முழுவதும் தென்னை மூட்டுக்கு, மரத்தடிக்குப் போயிற்று. ஆனால் அதே பயணத்தில் அவர் இன்னொன்றும் வாங்கி வந்திருந்தார். முழம் அகலத்தில், வழவழவென்று பாலீஷ் போட்ட கருங்கல் பலகை. வெயில் காலத்தில் பொடியன் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளக் குளிர்ச்சியாக இருக்குமாம். அது உள்ளபடியே கொள்ளாம், நல்ல யோசனைதான். அவன் அதை விட்டு இறங்கவே இல்லை.

அந்தப் பட்டறையில் சிலை மட்டுமில்லை, கல்லறைக் கல்லும் செய்வார்கள். இவர் கையால் அளவு காட்டி, இவ்வளவு போதும், நல்ல பாலீஷ் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அங்கே கல் கொத்திக்கொண்டிருந்தவர் உளியைக் கீழே வைத்துவிட்டு இவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது இவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் வரவில்லை. அந்தக் கல்காரர் கேட்டது இது: "இவ்வளவு சின்னக் கல்லா? பச்சப்பிள்ளையா அண்ணாச்சி? பேரைச் சொல்லுங்க, வெட்டித் தாறேன்."

தூது

ஏசிக்குள் ஒரு வலை இருக்கிறது, தூசி பிடிக்க. மாதத்துக்கு ஒரு தடவை கழுவினால் போதும் என்று அவரே எல்லாருக்கும் சொல்வார். எங்கள் வீட்டில் அது தினமும் கழுவப்படும். அதுவும் சரியாக ஏழு மணிக்கு. ஸ்டூலில் ஏறி, போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவின வலையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பார். ஜெனிக்கு அவருடைய கால் மட்டும் தெரியும். அவள் கேட்க மாட்டாள். அவரும் திரும்ப மாட்டார். நடுவில் நான் கை வலிக்கப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் ஸ்டூலிலிருந்து சத்தம் வந்தது. "ஏலே எலி, அங்க எத்தன டிகிரின்னு கேளு." நான் பயந்து போனைப் பார்த்தேன். அவள் கொஞ்சநேரம் ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். பிறகு, "பொடியா, இங்க நல்ல குளிரு. நீ வெயில்ல அலையாதே. பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடு, கேட்டியா" என்றாள். எலிக்கு ஏது பிரஷர்? ஸ்டூலில் நிற்கிறவருக்குத்தான் பிரஷர். அவர் வலையைத் திருப்பி மாட்டினார். மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "எலி சொல்லுது, மாத்திரை போட்டாச்சுன்னு."

வாய்தவறி

எனக்கு இந்தத் தூது வசதியும் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது கட்டளை. "ஜெனி, சுகமா?" என்று கேட்டால் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளையிடம் பேசுவது மாதிரி இருக்கும். ஆனால் வாயில் ஊறிப்போன வார்த்தை எங்கேயாவது விழுந்துதானே ஆக வேண்டும். அது எலி மேல் விழுந்தது. "மக்களே புல்லைத் தின்னு", "மக்களே கம்பியைக் கடிக்காதே" என்று நாள் முழுக்க அவனோடுதான் பேச்சு. அவர் கேட்டுவிட்டு, "எலியைப் போயி மக்களேங்கியே" என்று தலையில் அடித்துக்கொள்வார். அவருக்கு எப்போதும் அது எலிதான்.

அன்றைக்குப் போன் கூட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது. பொடியன் மூலையில் பதுங்கிக்கொண்டு வெளியே வரவில்லை. "மக்களே, இங்க பாரு" என்றேன். போனுக்குள்ளிருந்து, "என்னம்மா?" என்று வந்தது. சின்னப் பிள்ளையில் அடுக்களைக்கு ஓடிவந்து கேட்பாளே, அந்தச் சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. "ஓ, அவனையா. சரி, எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு."

சுளை

இது தின்பது காய்ந்த புல் மட்டும். பழம் ஆகாது, இனிப்பு ஆகாது. அந்தப் புல்லும் பார்சலில்தான் வரும். ரப்பரும் வாழையுமாக நிற்கிற ஊரில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இதைப் பார்த்தால் மனசு கேட்காது. பாவம், உணக்கப் புல்லா கொடுக்கிறீர்கள் என்று ஏதோ நான் பட்டினி போடுகிற மாதிரி பார்ப்பார்கள். சுகந்தி டீச்சர் பார்த்ததோடு நிற்கவில்லை. நான் அளவு நாடாவை எடுக்க உள்ளே போன நேரத்தில் வருக்கைச் சக்கை, அதாவது பலாப்பழச் சுளை ஒன்றைக் கம்பிக்குள் போட்டுவிட்டார். நல்ல மனசுதான். மறுநாள் பொடியன் வயிறு வீங்கிப் புல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் சின்ன வயது. இதை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். நான் ஜெனியைக் கூப்பிட்டேன், ஏழு மணி இல்லாத நேரத்தில் முதல்தடவையாக. அவளும் டாக்டருமாக இங்கிலீஷில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். புல்லைப் பொடித்துக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக வாயோரத்தில் விட வேண்டும். அந்த வாரம் ஒரு ஜாக்கெட்டும் தைக்கவில்லை. மடியில் அவன், ஒரு கையில் சிரிஞ்சு, எதிரே போனில் அவள். அம்மா, கழுத்தைப் பிடிக்காதே, அம்மா, பையச் செய் என்று அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். என் மகளோடு அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்தது அந்த வாரம்தான். அவன் பிழைத்தான். ஆஸ்பத்திரி வரிசையில் எனக்குப் பின்னால் பசுவோடு நின்ற பெரியவர் கூட்டை நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை: "இது எத்தன லிட்டர் கறக்கும் அம்மா?"

விண்ணப்பம்

அதே வாரம் எங்கள் வீட்டில் தெரு ஜெபக்கூட்டம். யாருக்கு என்ன பாரம் என்று ஐயர் கேட்டார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். எலிக்காக ஜெபிக்கச் சொல்ல எனக்கு வெட்கம். "எங்க வீட்டுல சின்னவனுக்கு வயித்துல சீக்கு" என்று சொல்லிவைத்தேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை, அத்தனை பேரும் முழங்கால் போட்டார்கள். நானும் போட்டேன். ஆண்டவரே, இந்த எலியை எடுத்துக்கொண்டால் என் பிள்ளையை நான் எங்கே பார்ப்பேன் என்று உள்ளுக்குள் கேட்டேன். அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து அழுதார்கள்.

ஆமென் சொல்லி எழுந்தபிறகு ஐயர், உங்களுக்கு ஒரே மகள்தானே, இந்தச் சின்னவன் யார் என்று கேட்டார். பொய் சொல்ல முடியவில்லை, கூட்டைக் காட்டினேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இருக்கட்டும், போன ஜெபத்தைத் திருப்பி வாங்க முடியாது."

கறண்டு

இந்த வருடக் கோடையில் அது நடந்தது. மத்தியானம் கறண்டு போயிற்று. எங்கேயோ டிரான்ஸ்பார்மர் போய்விட்டது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டரும் கிடையாது. ஏசியைப் பற்றி எல்லாம் தெரிந்த மனுஷன் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியாமல் நின்றார். ஜன்னலில் ஈரப் போர்வையைக் கட்டினோம். அவர் மீன் சந்தைக்கு ஓடி, மீன்காரப் பெண் ஒருத்தியின் பெட்டியிலிருந்து ஐஸ் வாங்கி வந்தார். அதை பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி, லைனிங் துணியில் பொதிந்து கல்லைச் சுற்றி அடுக்கினோம். அறை முழுக்க மீன் நாற்றம். நான் ஜாக்கெட் வெட்டுகிற அட்டையை எடுத்து விசிறினேன். அவர் வாங்கி விசிறினார். கை மாற்றி மாற்றி விசிறிக்கொண்டே இருந்தோம். உலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. வெயில் இறங்கிய பிறகும் சூடு இறங்கவில்லை. பொடியன் கல்லின் மேல் ஒருக்களித்துக் கிடந்தான். காது ரெண்டும் செக்கச்சிவந்து, வாயோரம் நனைந்திருந்தது. பிறகு வயிறு ஏறி இறங்குவது நின்றது. அவர் மட்டும் விசிறுவதை நிறுத்தவில்லை.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. எடுக்காமல் இருக்க எனக்குத் தைரியமில்லை, அறைக்கு வெளியே வந்து எடுத்துச் சுவரைப் பார்த்துப் பிடித்தேன். "அம்மா, ஏன் இருட்டா இருக்கு? கேமராவைத் திருப்பு. பொடியன் சாப்பிட்டானா?" அப்போது அறைக்குள்ளிருந்து அவர் சத்தம் கேட்டது. "மக்களே, கண்ணைத் தொறக்கணும் மக்களே. அப்பா இருக்கேனில்லா." அத்தனை வருடமும் எலி என்று மட்டும் சொன்ன வாய் அது. அவள் நர்ஸ், அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அப்பாட்ட குடு" என்றாள்.

அவர் ஐஸ் வெள்ளம் சொட்டுகிற கையோடு போனை வாங்கினார். முகத்துக்கு நேராகப் பிடித்தார். "எலி போச்சு மக்களே" என்றார். "நான் நல்லாப் பாத்துக்கிட்டேன். கறண்டு சதிச்சுப் போட்டுது." அவள் அழுதாள். அவரும் அழுதார். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டது இதுதான்: "அப்பா, நீங்க ரெண்டுபேரும் மத்தியானம் ஏதாவது சாப்பிட்டியளா?"

பிறகு

பின்பக்கம் பிலாமூட்டில், பலாமரத்தடியில், குழி எடுத்து வைத்தோம். மயிலாடிக் கல்லை அவரே தூக்கிவந்து மேலே போட்டார். பேர் வெட்டவில்லை. மறுநாள் ஏழு மணிக்கு நாங்கள் ரெண்டுபேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். இனி அவள் யாரைப் பார்க்கக் கூப்பிடுவாள் என்று இருந்தது எனக்கு. அடித்தது. "ரெண்டுபேரையும் சேத்துக் காட்டு" என்றாள். என்ன சாப்பிட்டிய, வெள்ளம் குடிச்சியளா, வெயில்ல எறங்கினியளா, மாத்திரை போட்டாச்சா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பொடியனைப் பற்றிக் கேட்ட அதே வரிசை. இனி மக்களே என்று கூப்பிடலாம் என்று அவள் சொல்லவில்லை, நானாகத்தான் பயந்து பயந்து ஒருதடவை கூப்பிட்டுப் பார்த்தேன். "என்னம்மா?" என்றாள்.

ஊருக்கு எப்போது வருவாய் என்று கேட்டேன். லீவு இல்லையாம், இந்த வருடம் முடியாதாம், அடுத்த வருடமும் சொல்ல முடியாதாம். அவர் முகம் தொங்கியதைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்: "ஏசியைப் போட்டுக் கதவை அடச்சுக்கிட்டு ரெண்டுபேரும் உள்ள இருங்க, காகிதமெல்லாம் சரியானதும் நான் ஒங்களை இங்க கூட்டிக்கிடுதேன்."

பொடியனைப் பற்றியும் அவள் இதையேதான் சொன்னாள். ஆகவே இப்போது நாங்கள் ரெண்டுபேரும் தினமும் முகம் கழுவி, வயிறாரத் தின்று, கதவை அடைத்துக்கொண்டு, ஏழு மணிக்காகக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறோம்.